ஜெர்மனியில் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வருடத் தன்னார்வப் பணி: எதை முதலில் செய்வது, எங்கே ஏமாறக் கூடாது

வெளிநாடு போய்க் குழந்தைகளோடு வேலை செய்யலாம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை இரண்டு வார, நான்கு வாரப் பயணங்கள்தான். நேபாளத்திலோ கம்போடியாவிலோ ஒரு அனாதை இல்லம், டாலரில் ஒரு கட்டணம், முடிந்ததும் ஒரு சான்றிதழ். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டவர் கொண்டுவரும் காசுக்காகவே கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து நிரப்பும் இல்லங்களும் உண்டு. அனாதை இல்லத் தன்னார்வப் பயணங்கள் குழந்தைக் கடத்தலுக்கு வழிவிடக்கூடும், நாடுகள் இதைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானமே போட்டிருக்கிறது.

நான் சொல்ல வருவது வேறு வழி. ஜெர்மனியில் சட்டப்படி நடக்கும் ஒரு வருடத் தன்னார்வச் சேவை. வீட்டில் அடி, புறக்கணிப்பு, பெற்றோரின் போதைப் பழக்கம் போன்ற காரணங்களால் அரசின் இளையோர் நல அலுவலகம் பிரித்து வைத்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் தனியாக அகதியாக வந்து சேர்ந்த பதின்வயதுப் பையன்கள், இவர்கள் வாழும் இல்லங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு உதவியாளாக இருப்பது. அங்கே நான் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல், எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாததால் வந்ததுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும்

மூன்று பெயர்கள் காதில் விழும். முதலாவது எஃப்.எஸ்.ஜே., அதாவது சமூகத் தன்னார்வ வருடம். 27 வயது முடியாதவர்களுக்கு. பொதுவாக 12 மாதம். குறைந்தது 6, அதிகபட்சம் 18 வரை போகலாம். இரண்டாவது பி.எஃப்.டி., அதாவது கூட்டாட்சித் தன்னார்வச் சேவை, 2011-இல் கட்டாய ராணுவச் சேவையும் அதற்கு மாற்றான சிவில் சேவையும் நின்றபோது வந்த திட்டம். இதற்கு அதிகபட்ச வயது என்று எதுவும் இல்லை. 30 தாண்டியவர்கள் 'எனக்கு வயசாகிவிட்டது' என்று ஒதுங்குகிறார்கள், தேவையில்லை. மூன்றாவது வெல்ட்வேர்ட்ஸ் என்னும் ஜெர்மன் அரசுத் திட்டத்தின் தெற்கு-வடக்குப் பிரிவு, அதாவது நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து ஜெர்மனிக்கு வருபவர்களுக்கானது. 18 முதல் 28 வயதுவரை. இதற்கு நீங்களாக நேரே விண்ணப்பிக்க முடியாது. இங்கே உங்கள் ஊரில் ஜெர்மன் அமைப்போடு கூட்டு வைத்திருக்கும் தொண்டு நிறுவனம்தான் உங்களை அனுப்ப வேண்டும். அப்படி ஒரு நிறுவனத்தோடு ஏற்கெனவே பழக்கம் இருந்தால் இதுதான் சிறந்த வழி, ஏனென்றால் பயணச் செலவும் மொழிப் படிப்பும் பெரும்பாலும் திட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் இரண்டுதான்.

2. மொழியிலிருந்து ஆரம்பியுங்கள், விண்ணப்பத்திலிருந்து அல்ல

ஜெர்மன் மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் நிலைகளாகப் பிரிப்பார்கள், ஏ1 ஆரம்பநிலை. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏ1 முடித்த கையோடு ஐம்பது இல்லங்களுக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்திலோ சமையல்கூடத்திலோ ஏ2 வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். இளையோர் இல்லத்தில் அது நடக்காது. பதினான்கு வயதுப் பெண் கோபத்தில் அரை வாக்கியத்தில் எதையோ சொல்லிவிட்டு வெளியே போகிறாள். அவள் சொன்னது 'கடைக்குப் போகிறேன்' என்பதா, 'இனி வரமாட்டேன்' என்பதா என்று உங்களுக்குப் புரிந்தாக வேண்டும். அதனால் பி1 இல்லாமல் கிளம்பாதீர்கள். இல்லம் ஏ2 போதும் என்று சொன்னாலும் சரி.

சுழியத்திலிருந்து பி1 வரை வர, முழுநேரமாகப் படித்தால் எட்டு முதல் பத்து மாதம் ஆகும். சென்னையில் கோத்தே நிறுவனத்தின் கிளையான மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் வேறெங்கும் படித்துக்கொண்டு தேர்வை மட்டும் அங்கே எழுதலாம். கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. ஆகிய தேர்வு அமைப்புகளின் சான்றிதழ்கள் செல்லும். பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. கோத்தே பி1 தேர்வு வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதியாக இருக்கும். ஒன்றில் தவறினால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம், முழுக் கட்டணம் கட்டி நான்கையும் எழுத வேண்டியதில்லை. விசாவுக்குப் போகும்போது சான்றிதழ் ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருப்பது நல்லது, அதனால் ரொம்ப முன்னாலும் எழுதிவிடாதீர்கள்.

3. இடம் தேடுவது

இங்கே இரண்டு அடுக்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மேலே 'ட்ரேகர்' என்னும் பொறுப்பு அமைப்பு: காரித்தாஸ், டியாகோனி, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம், ஆவோ, இன்டர்நாட்சியோனாலர் புண்ட் போன்றவை. அதற்குக் கீழே நீங்கள் நிஜமாக வேலை செய்யப்போகும் இல்லம். ஒப்பந்தம், பயிற்சி முகாம், காப்பீடு எல்லாம் மேலே. தினசரி வேலை கீழே. இருவருமே சம்மதித்தால்தான் இடம் கிடைக்கும்.

பெரும்பாலான இடங்கள் ஆகஸ்ட் 1 அல்லது செப்டம்பர் 1-இல் தொடங்கும். அந்த வருடம் செப்டம்பரில் சேர வேண்டுமென்றால் ஜனவரிக்குள் விண்ணப்பங்கள் போயிருக்க வேண்டும். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் இடம் கிடைத்தாலும் விசா நேரத்துக்கு வராது.

விண்ணப்பக் கடிதத்தில் 'சிறுவயது முதலே குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்' என்று எழுதாதீர்கள். நூறு பேர் அதையேதான் எழுதுகிறார்கள். டியூஷன் எடுத்தீர்களா, என்.எஸ்.எஸ். முகாமில் இருந்தீர்களா, கபடி, கால்பந்து, தையல், சமையல் எது தெரியும், இதைச் சொல்லுங்கள். நீச்சல் தெரிந்தால் அதை முதல் பத்தியிலேயே போடுங்கள், கோடைகாலத்தில் பிள்ளைகளை ஏரிக்கும் நீச்சல் குளத்துக்கும் கூட்டிப்போக எப்போதும் ஆள் தேவை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இடம் வாங்கித் தர யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். இது காசு கட்டிச் சேரும் படிப்பு இல்லை. உங்களுக்குத்தான் அவர்கள் கைச்செலவுப் பணம் தருகிறார்கள். நம் ஊரில் 'இலவச ஜெர்மனி விசா' என்று போஸ்டர் ஒட்டி லட்சக்கணக்கில் வாங்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். என் வகுப்பில் படித்த ஒருவரிடம் இரண்டரை லட்சம் கேட்டார்கள், அதில் 'இல்லத்துக்கான வைப்புத்தொகை' என்று ஒரு வரி வேறு. அப்படி ஒரு வைப்புத்தொகையே கிடையாது. இல்லத்தின் பெயரைச் சொல்ல மறுக்கும் ஏஜென்டிடம் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள்.

4. ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்

எஃப்.எஸ்.ஜே. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மூன்று கையெழுத்து இருக்கும்: நீங்கள், பொறுப்பு அமைப்பு, இல்லம். பி.எஃப்.டி. என்றால் கொலோனில் இருக்கும் மத்திய அலுவலகத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். இது இல்லாத காகிதத்தை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போகாதீர்கள்.

கைச்செலவுப் பணத்துக்குச் சட்டம் மேல் வரம்புதான் வைத்திருக்கிறது: 2025-இல் மாதம் 644 யூரோ, 2026-இல் 676. இது உச்சம், கிடைப்பது இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் 300-லிருந்து 500 யூரோவுக்குள் இருந்தது. அதனால் தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதுதான் நிஜமான கேள்வி. தங்குமிடம் தராத இடம் என்றால், அந்தப் பணத்தில் ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ ஒரு அறை வாடகைகூடக் கட்ட முடியாது. விசா அதிகாரியும் 'எதை வைத்துப் பிழைப்பீர்கள்' என்று கேட்பார். தங்குமிடம் தருகிறோம் என்பது வாய்ச்சொல்லாக இல்லாமல் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியக் காப்பீடு எல்லாவற்றுக்கும் முழுத்தொகையையும் அவர்களே கட்டுவார்கள், உங்களிடம் பிடிக்க மாட்டார்கள். 27 வயதுக்குட்பட்டவர்களுக்கு 12 மாதச் சேவையில் குறைந்தது 25 நாள் பயிற்சி முகாம் உண்டு, அதுவும் வேலை நேரம்தான். இந்த எண் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கேளுங்கள். அப்புறம் இன்னொன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: இரவில் உங்களைத் தனியாக விடமாட்டார்கள் என்பது. தன்னார்வலர் பணியாளருக்குக் கூடுதல் கைதான், பணியாளருக்குப் பதில் ஆள் இல்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும் இல்லங்களில் இந்தக் கோடு மெல்ல மெல்ல அழியும்.

5. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் உங்கள் பெயர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில்தான் பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', மொழிச் சான்றிதழில் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் ஜெர்மனியில் வங்கி, காப்பீடு, பதிவு அலுவலகம் ஒவ்வொன்றிலும் படிவம் நிரப்பும்போது விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். திருத்த வேண்டியிருந்தால் மொழித் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள். அதன்பின் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.

அடுத்து தட்டம்மைத் தடுப்பூசி. 2020 மார்ச்சிலிருந்து ஜெர்மனியில் இது சட்டம்: 1970-க்குப் பிறகு பிறந்த யாரும் பள்ளி, குழந்தைகள் இல்லம் போன்ற இடங்களில் வேலைக்குச் சேரும் முன் இரண்டு ஊசி போட்டதற்கோ நோய் எதிர்ப்பு இருப்பதற்கோ சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதல் நாளே வேலை செய்ய விடமாட்டார்கள். நம் வீடுகளில் சிறுவயது ஊசி அட்டை எங்கே போனதென்றே தெரியாது. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள், அந்த அட்டை இருந்தால் ஒரு ஊசிக்கான சான்று கையில் இருக்கிறது. இல்லையென்றால் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு, குறைந்தது நான்கு வார இடைவெளியில், போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை முத்திரை, தேதி, ஊசி மருந்தின் பெயர் மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நான்கு வாரம் என்பதால் இதைக் கிளம்பும் மாதத்துக்குத் தள்ளிப்போட முடியாது.

மூன்றாவது போலீஸ் நன்னடத்தைச் சான்று. பாஸ்போர்ட் சேவா மூலம், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது இருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் காவல் நிலையச் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போகும். ஜெர்மனிக்குப் போன பிறகு அங்கேயும் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கான விரிவான குற்றப்பதிவுச் சான்று ஒன்று எடுக்க வேண்டும். பொறுப்பு அமைப்பு கடிதம் கொடுத்தால் தன்னார்வலர்களுக்கு அது இலவசம். ஆனால் அதில் நம் ஊர்ப் பதிவு எதுவும் வராது, அதனால்தான் இங்கிருந்தும் ஒன்று கேட்கிறார்கள். இதை அவமானமாக நினைக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளில் பலர் பெரியவர்களாலேயே காயப்பட்டவர்கள். உங்களைத் துருவிப் பார்ப்பதுதான் நல்ல இல்லத்துக்கு அடையாளம். சான்றே கேட்காத இல்லத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்போஸ்டில் முத்திரைக்காக, அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரைக்காக, செலவு செய்யாதீர்கள். இந்திய ஆவணங்களுக்கு அந்த முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. ஆனாலும் 'ஜெர்மனி பேக்கேஜ்' என்று அதை விற்கிறார்கள்.

6. விசா

இது நீண்டகால தேசிய விசா, சுற்றுலா விசா இல்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம். விண்ணப்பத்தை இணையத்தில் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தளத்திலேயே நிரப்பி ஆவணங்களை ஏற்றி, பிறகு கைரேகைக்கும் மூலப் பிரதிகளுக்கும் விசா விண்ணப்ப மையத்துக்கு நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் வாங்குவார்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

ஆவணங்களைவிட விசா அதிகாரிகள் உற்றுப் பார்ப்பது ஒரே விஷயத்தை: இவர் நிஜமாகவே இந்தச் சேவைக்குத்தான் போகிறாரா? அதனால் நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் அச்சில் வார்த்த கடிதத்தை அவர்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதே கடிதம் வேறு நான்கு பேர் கோப்பிலும் இருக்கும். எந்த இல்லம், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, உங்கள் வேலை நேரம், ஊரில் நீங்கள் படித்ததோடு இது எப்படிச் சேர்கிறது, திரும்பி வந்து என்ன செய்வீர்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். நேரில் போகும்போது ஜெர்மன் மொழியிலேயே கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

முடிவு வர சில வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். செப்டம்பரில் சேர வேண்டியவர் மே மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுக்கப்பட்டால் முன்பெல்லாம் தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு போடலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பழைய ஆலோசனைகளை வைத்துக்கொண்டு காலத்தைப் போக்காதீர்கள்.

விசா கைக்கு வருமுன் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

7. கையில் எவ்வளவு வேண்டும்

மொழிப் படிப்பும் தேர்வும்தான் பெரிய செலவு, அது எங்கே படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒருவழி விமானத்துக்கு நாற்பது முதல் அறுபதாயிரம் ஒதுக்குங்கள். அதோடு 800 யூரோவாவது கையில் இருக்கட்டும், ஏனென்றால் முதல் கைச்செலவுப் பணம் மாதக் கடைசியில்தான் வரும், அதற்கும் வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். குளிர்கால ஜாக்கெட்டை இங்கிருந்து வாங்கிச் செல்லாதீர்கள். நம் ஊரில் கிடைப்பது அங்கத்திய ஜனவரிக்குத் தாங்காது. அங்கே பழைய துணிக்கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும்.

உள்ளூர், வட்டாரப் பேருந்து, ரயில்களுக்கான மாதச் சீட்டு 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இல்லம் அதைத் தருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

8. இறங்கியதும்

இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு. அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும், இல்லமே தங்குமிடம் தந்தால் அவர்களே தருவார்கள். அந்தப் பதிவுக் காகிதம் இல்லாமல் வங்கியும் நகராது, வரி எண்ணும் வராது. அதே வாரத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு நேரம் கேட்டு எழுதிவிடுங்கள். விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள், பல நேரம் அது சில மாதம்தான் இருக்கும். பெரிய நகரங்களில் அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே அவ்வளவு நாள் ஆகும்.

பதிவு செய்த கொஞ்ச நாளில் ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள், அது நிஜம். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், எனவே கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவர் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும்.

9. இல்லத்துக்குள்

ஒரு வீட்டில் எட்டு ஒன்பது பிள்ளைகள், முறைவைத்து மாறும் பணியாளர்கள். காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, மதியம் சமையல், வீட்டுப்பாடம், பல் மருத்துவரிடம் கூட்டிப்போவது, இரவில் போன்களை வாங்கிப் பெட்டியில் வைப்பது. பெரிய சேவை எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், வேலையே இதுதான். பிள்ளைகளின் கைச்செலவுக் காசை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் நாளில் ஐம்பது சென்ட் குறைந்தால்கூடப் பெரிய சண்டை வரும். சொந்தமென்று சொல்ல அவர்களிடம் அதிகம் இல்லை, அதனால் அந்தச் சில்லறையைச் சரியாக எண்ணுங்கள்.

முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: 'நீ எப்போ போவே?' எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்டான். பொய் சொல்லாதீர்கள், 'பார்க்கலாம்' என்று மழுப்பவும் வேண்டாம். தேதியைச் சொல்லிவிடுங்கள். வருடா வருடம் ஒரு தன்னார்வலர் வந்து போவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் கிளம்பிவிடும் எண்ணம் இப்போதே மனதில் இருந்தால், குழந்தைகள் இல்லத்தை விட்டுவிட்டு மருத்துவமனைச் சமையலறையோ நூலகமோ பாருங்கள்; அங்கே நீங்கள் பாதியில் போனால் யாருக்கும் காயமில்லை.

படம் எடுக்கவே எடுக்காதீர்கள். முகத்தை மறைத்துப் போட்டாலும் கூடாது. பிள்ளையின் கதையை வீட்டுக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில்கூடச் சொல்லக் கூடாது, ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக ஏதாவது சொல்ல வந்து 'யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்' என்று கேட்டால், சத்தியம் செய்யாதீர்கள். 'உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் பணியாளரிடம் சொல்லியாக வேண்டும், கூடவே நானும் வருகிறேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். இது கடினம். நம்மூரில் பாசத்தோடு 'சரி, சொல்லமாட்டேன்' என்போம். அங்கே அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகும்.

இல்லத்தில் முறைகேடு நடந்தால், அல்லது உங்களைப் பணியாளருக்குப் பதிலாகப் பயன்படுத்தினால், பொறுப்பு அமைப்பில் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருப்பார், அவருக்கு எழுதுங்கள். வேறு இல்லத்துக்கு மாற முடியும். ஆனால் உங்கள் தங்கும் அனுமதி இந்தச் சேவையோடு கட்டியது, எனவே வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

10. கிளம்பும் முன்

கடைசி இரண்டு மாதத்தில், உங்களோடு நெருக்கமான பிள்ளைகளின் பொறுப்புப் பணியாளரிடம் உட்கார்ந்து, யாருக்கு எப்போது எப்படிச் சொல்வது, பிறகு கடிதம் எழுதலாமா என்று முடிவு செய்யுங்கள். நீங்களாக 'தினமும் போன் செய்வேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பணிச்சான்றிதழை, செய்த வேலைகளின் விவரமும் மதிப்பீடும் உள்ள முழு வடிவில், ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஊருக்கு வந்தபிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். முகவரிப் பதிவு நீக்கத்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். அந்தக் காகிதத்தின் நகலை வைத்திருங்கள், போன் ஒப்பந்தத்தையும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் நிறுத்தும்போது கேட்பார்கள்.